ஏசி இல்லாத வீட்டில் நடுக்கோடை: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பதில்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த எட்டு வயதுப் பெண்ணையும் பதினொரு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை பாளையங்கோட்டைப் பக்கம் உங்கள் மாமனார் வீட்டில் தங்கப் போகிறீர்கள். பழைய வீடு, ஏசி இல்லை. வெயிலை எப்படிச் சமாளிப்பது, பெரியவர்கள் குளிர்ச்சி என்று சொல்வதில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கணவர் சின்ன வயதுக் கோடை விடுமுறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை, அந்தச் சந்தோஷம் இப்போதும் அந்த வீட்டில் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். உங்கள் மனதில் இருக்கும் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. கிடைக்கும். ஆனால் நாள் முழுக்கக் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் வெறும் வெயில்தான் மிஞ்சும்.

நான் 31 வருஷம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவள். பிறந்தது சேரன்மகாதேவி, வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டை. வெப்பம், ஆவியாதல், காற்று இவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உடம்புக்கு எது நல்லது என்பதில் மருத்துவர் சொல்வதுதான் சரி. அங்கே என்னுடையது வீட்டு அனுபவம் மட்டுமே.

முதலில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதைச் சென்னையிலேயே தொடங்கலாம். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் 12 மணி 7 நிமிட வாக்கில் மொட்டை மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் பக்கவாட்டில் நிழலே விழாது. திருநெல்வேலி இன்னும் தெற்கே இருப்பதால் இங்கே அந்த நாள் ஏப்ரல் 12 வாக்கிலேயே போய்விடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மே மாதம் பன்னிரண்டேகால் மணிக்கு முற்றத்தில் நின்று பார்த்தால் பிள்ளைகளின் குட்டி நிழல் தெற்குப் பக்கம் விழுவதைப் பார்ப்பார்கள். இதில் வீட்டுக்குப் பயனுள்ள விஷயம் ஒன்று இருக்கிறது. கோடையில் மேற்குச் சுவர் காயும் என்று எல்லோருக்கும் தெரியும். வடக்குச் சன்னலிலும் வெயில் படும் என்பது பலருக்குத் தெரியாது. காலை ஒன்பதரைக்குள் கிழக்கு, வடக்குச் சன்னல்களைச் சாத்திவிட்டு, தெற்கே நிழல் விழும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். உங்கள் மாமனார் வீட்டில் தார்சாவும் (முன்கூடம்) பட்டாசலும் (நடுக்கூடம்) தாண்டி அரங்கு (உள்ளறை) இருந்தால், சுற்றிலும் அறைகள் இருப்பதால் பகல் ஒரு மணிக்கும் அங்கே தரை சில்லென்றுதான் இருக்கும். வெறும் தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொள்வதைவிடச் சுகமான காரியம் மே மாதத்தில் கிடையாது. உங்கள் கணவரைக் கேளுங்கள், அவரும் அதைத்தான் சொல்வார்.

பானைத் தண்ணீரைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். இதில் சந்தேகமே இல்லை, அது குளிரத்தான் செய்யும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியை அது உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. பத்து லிட்டர் பானையில் கால் லிட்டர் ஆவியானால், கணக்குப்படி மீதித் தண்ணீர் 14 டிகிரி வரை இறங்கலாம். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பாடத்தில் வரும், குமிழில் ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அது. பானை அதற்குக் கீழே போகாது. பாளையங்கோட்டையில் 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் அந்த எல்லை 27 டிகிரி. திருச்செந்தூர் போலக் கடலோரத்தில் வெயில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் எல்லை 29 டிகிரி. நம்மைவிட வெயில் குறைந்த ஊரில் பானைத் தண்ணீர் நம்முடையதைவிடச் சூடாக இருப்பது இதனால்தான். வெட்டிவேர்த் தட்டி, ஈரத் துணித் திரை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். உலர்ந்த காற்று ஓட வேண்டும். சன்னலை அடைத்துவிட்டு உள்ளே ஈரத் துணி தொங்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் புழுக்கம்தான் கூடும்.

அதனால் பானையை அடுக்களை மூலையில் வைக்காதீர்கள். காற்று வரும் இடத்தில், நிழலில், ஈரமான ஆற்று மணலைக் குவித்து அதன்மேல் வையுங்கள். பெயின்ட் அடித்து, பூப்போட்டு விற்கும் பானை பார்க்க அழகு, ஆனால் துளை அடைபட்டுவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பழைய பானையும் அடைத்துக்கொள்ளும். தேங்காய் நார் போட்டு, சோப்பு இல்லாமல் தேய்த்தால் ஓரளவு சரியாகும். பையனுக்கு வெப்பமானி ஒன்று வாங்கிக் கொடுத்து, சொம்பில் ஒரு லிட்டர், மண்பானையில் ஒரு லிட்டர் என்று காலையில் ஊற்றி, மணிக்கொருதரம் எழுதச் சொல்லுங்கள். என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இந்த வேலையை விடுமுறைக்குக் கொடுத்தேன். ஜூனில் அவர்கள் கொண்டுவந்த நோட்டுகளில் நான் எதிர்பார்க்காத விஷயங்களெல்லாம் இருக்கும். ஒரு பெண், எந்தத் திண்ணையில் பானை அதிகம் குளிர்கிறது என்று தெரு முழுக்க அளந்து எழுதி வந்தாள். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது பதநீர். நாங்கள் பதனி என்போம். இதற்குக் காலை எட்டு மணிதான் நேரம். பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளையைச் சீவிவிட்டு வருகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால் புளிக்காமல் நிற்கிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறுதான் கள். சுண்ணாம்பு இருந்தும் வெயில் ஏற ஏறச் சுவை மாறத் தொடங்கும். நுரைத்துக்கொண்டு புளிப்பு வாடை அடித்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிப் பக்கம் போக வாய்த்தால் மரத்தடியிலேயே குடித்துப் பாருங்கள். பச்சைப் பனையோலையை மடக்கிப் பட்டை செய்து, அதில் ஊற்றி, நுங்கையும் தோண்டிப் போட்டுத் தருவார்கள். ஓலையின் பச்சை வாசமும் சேர்ந்ததுதான் பதனி. ஸ்டீல் டம்ளரில் அது பாதிதான். நகரத்துக்குள் வருவதில் சில சமயம் தண்ணீரும் இனிப்பும் கலந்திருக்கும். தெரிந்தவர் மூலம் வாங்குவது நல்லது. நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை அதில் உண்டு என்பதால், மாமனார் மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் 'இயற்கையானதுதானே' என்று ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுபது அடி மரத்தில் நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறவரின் உழைப்பு அது. பேரம் பேசாமல் வாங்குங்கள், பிள்ளைகள் முன்னால் அவரோடு நின்று பேசுங்கள்.

நுங்கைச் சுளையாக உரித்து வாங்க வேண்டாம். காயாக வாங்கி, வீட்டில் அரிவாளால் மேலே சீவித் தரச் சொல்லுங்கள். மூன்று கண் தெரியும். பெருவிரலை விட்டு நோண்டி உறிஞ்சும்போது முகமெல்லாம் வழியும், வழியட்டும். விரலுக்கு இளகிக் கொடுத்தால் நல்ல பருவம், கெட்டியாக இருந்தால் முற்றியது. மேல் தோலின் துவர்ப்பு பிள்ளைகளுக்கு முதலில் பிடிக்காது, கட்டாயப்படுத்த வேண்டாம். தின்று முடித்த இரண்டு கூந்தலை (சுளை போன வெறுங்காயை) ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, நடுவில் கவட்டைக் கம்பு ஒன்றைக் கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. உங்கள் மாமாவுக்கு நிச்சயம் செய்யத் தெரியும். அவர் கையால் செய்ய விடுங்கள். காசு கொடுத்து வாங்கிய வண்டிக்கு இல்லாத மரியாதை இதற்குத் தெருவில் கிடைக்கும்.

நுங்கும் பதநீரும் இளநீரும் உடல் சூட்டைத் தணிக்குமா என்பது நீங்கள் கேட்ட இன்னொன்று. இங்கே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. நலமாக இருக்கிறவரின் உடம்பு வெப்பமானியில் 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். நுங்கு தின்றாலும் மாம்பழம் தின்றாலும் அது மாறாது. ஆச்சிமார் சொல்லும் சூடு வேறு. கண் எரிச்சல், நீர்க்கடுப்பு, வாய்ப்புண், வேர்க்குரு இவற்றையெல்லாம் சேர்த்து வைத்த பெயர் அது. அதில் ஒரு பகுதி, உடம்பில் நீர் குறைந்ததால் வருவது. நீரும் உப்பும் உள்ளே போனால் அது குறையும், நுங்கிலும் மோரிலும் அது நடக்கிறது. இதற்கு மேல், இன்ன பழம் சூடு, இன்ன பழம் குளிர்ச்சி என்ற பட்டியலுக்கு என்னால் இயற்பியல் சாட்சி சொல்ல முடியாது. அதற்காக உங்கள் அத்தையிடம் வாதாடவும் மாட்டேன். அவர் கொடுக்கும் நீர்மோரில் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

பழையதைப் பற்றியும் அப்படித்தான். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, நம் ஊர் மே மாத இரவில் எட்டு மணி நேரத்தில் நன்றாகப் புளித்திருக்கும். அது லாக்டிக் அமிலப் புளிப்பு, மோர் புளிப்பதைப் போல. மண்சட்டியில் பிசைந்து, மோர் விட்டு, உரித்த சின்ன வெங்காயமும் வறுத்த மோர் மிளகாயும் தொட்டுக்கொண்டால் காலை பதினொரு மணி வரை பசி எடுக்காது. அடுப்பும் பற்ற வைக்க வேண்டாம், அதுவே வீட்டுக்குப் பெரிய குளிர்ச்சி. ஆனால் பழையதில் இரும்புச்சத்து இத்தனை மடங்கு கூடுகிறது என்று கைப்பேசியில் சுற்றும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்பு ஒரு தனிமம், புளிப்பதால் புதிதாக உண்டாகாது. ஏற்கெனவே இருப்பதை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளப் புளிப்பு உதவலாம், அவ்வளவுதான். வழவழவென்று நூல் விட்டாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். அந்த நான்கு மணி நேரம்தான் கைப்பேசி வென்றுவிடும் நேரம். தாயக்கட்டையும் பல்லாங்குழியும் வீட்டில் இருக்கிறதா என்று வந்ததும் தேடுங்கள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும், கோடையில் புளி உடைத்த வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. சின்னவளுக்கு அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் ஒரு செட் வாங்குங்கள். கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிய மர அடுப்பும் அம்மியும் குடமும் கையில் வழுக்குவதே ஓர் இன்பம். அவள் அதில் மணலைச் சமைக்க ஆரம்பித்தால், ஒரு நாள் உண்மையாகவே கூட்டாஞ்சோறு சமைக்க விடுங்கள். அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மாங்காய் எல்லாம் ஒரே பானையில், அரைத்த தேங்காய் மசாலாவோடு வேகிற எங்கள் ஊர்ச் சாப்பாடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு காய் கொண்டுவரட்டும். காலை பத்துக்குள் சமைத்து இறக்கிவிட வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. இடையில் வெள்ளரிப்பிஞ்சு, உப்பும் வத்தல்பொடியும் தொட்ட மாங்காய்ப் பத்தை, நன்னாரி சர்பத் எல்லாம் அதுவாகவே வந்து சேரும்.

இனி மாலை. மொட்டை மாடியை நாங்கள் தட்டட்டி என்போம். அதில் தண்ணீர் ஊற்றினால் வீடு குளிருமா? குளிரும், நேரம் பார்த்து ஊற்றினால். வெயில் இருக்கும்போது ஊற்றினால் ஊற்றியதை வெயில் குடித்துவிட்டு மறுபடியும் தளத்தைக் காய்ச்சும். கான்கிரீட் பகலெல்லாம் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, இருட்டிய பிறகு உள்ளே இறக்கும். இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறி அனல் காற்றைத் தள்ளுவது அதனால்தான். சூரியன் மறைந்ததும் இரண்டு மூன்று தடவையாக, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு ஊற்றுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் இருந்தால் இதை விட்டுவிட்டு, மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயில் வந்தபடியே திரும்பிப் போகும், பலனும் அதிகம். வாசலில் தண்ணீர் தெளிப்பதை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். காய்ந்த மண்ணில் முதல் கை தண்ணீர் விழும்போது எழும் வாசனை, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. மிக மிகச் சிறிய அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

இரவு பத்துக்கு மேல் தளம் ஆறிவிடும். பத்தமடைப் பாயை விரித்து மேலேயே படுங்கள். கோரைப் பாய் உடம்புக்கும் தரைக்கும் நடுவே ஈரத்தைத் தேங்கவிடாது, மெத்தை போலச் சூட்டைப் பிடித்தும் வைக்காது. மே நடுவில் ஒன்பது மணிக்கு மேல் வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே அடிவானத்துக்கு மேல் சிலுவை போல நான்கு நட்சத்திரம். அது திரிசங்கு. ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க நம் ஊர் நல்ல இடம். சென்னையிலும் தெரியும், ஆனால் இன்னும் தாழ்வாக, விளக்கு வெளிச்சத்தில் மங்கிப் போயிருக்கும். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரி உயரத்துக்குள்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் கிட்டத்தட்ட பத்து டிகிரி. பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள், திருநெல்வேலியின் அட்சரேகை அவர்கள் கைக்குள் கிடைக்கும்.

ஆற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கணவர் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போகாமல் இருக்க மாட்டார். தாமிரபரணி கோடையிலும் ஓடுகிற ஆறு. காலை ஆறரைக்குப் படித்துறையில் முங்கி எழுந்தால் அன்றைய பொழுது வேறு மாதிரி இருக்கும். ஆனால் அவர் சின்ன வயதில் குளித்த ஆறு இல்லை இது. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. இடுப்பளவில் நிற்கிற பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரத்துக்குப் போய்விடும். என் வகுப்பில் படித்த பையன் ஒருவனை அப்படி இழந்திருக்கிறோம். உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும், பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் இறங்குங்கள். ஜூன் தொடக்கத்தில், அணையில் தண்ணீர் இருந்தால், கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறந்துவிடுவார்கள். அப்போது வேகம் கூடும்.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அது பஞ்சாங்கக் கணக்கு, வெயில் அந்தத் தேதி பார்த்து வருவதில்லை. ஏப்ரலிலேயே கொளுத்தும் ஆண்டும் உண்டு, நடுவில் மேற்கே மலைப்பக்கம் இடி இடித்து ஒரு மழை கொட்டி, நான்கு நாள் குளிரும் ஆண்டும் உண்டு. மே கடைசியில் காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரலைக் கொடுத்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு வெறுங்கையோடுதான் வரும். என்றாலும் வேப்பமரம் ஒருநாள் ராத்திரி திடீரென்று இரையத் தொடங்கும்போது வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நீங்கள் ஜூன் முதல் வாரம் வரை இருப்பதால் அதையும் கேட்டுவிட்டுப் போகலாம்.

மருத்துவம் பற்றித் தெரிந்தவரை இரண்டே வார்த்தை. யாராவது வெயிலில் மயங்கி, பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் மோர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குச் சொல்லுங்கள். உறவில் கைக்குழந்தை இருந்தால், ஆறு மாதம் வரை எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீரோ நுங்குச் சாறோ வேண்டாம்.

அப்புறம், பானையை நீங்கள் வருவதற்கு முன்பே வாங்கி வைக்கச் சொல்லிவிடுங்கள். காருகுறிச்சிப் பானை கிடைத்தால் நல்லது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, முதல் இரண்டு தடவை ஊற்றிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மூன்றாம் தடவையிலிருந்துதான் குடிக்க வேண்டும். மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விரலால் சுண்டிச் சத்தம் பார்த்து, கீறல் இல்லாததாக அவரே வாங்கி வைத்துவிடுவார்.